தோள்கட்டையில் மூன்று தினுசு

அந்த வருஷம் ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடு வரைக்கும் நான் மேலூர் கோர்ட்டுக்கு ஐந்து தடவை போய்வந்தேன். திருடிவிட்டும் போகவில்லை, யாரையும் அடித்துவிட்டும் போகவில்லை. ஒரு மரக்கட்டையைப் பார்த்து ‘இது துப்பாக்கி இல்லை’ என்று சொல்லப் போனேன். மொத்தம் மூன்று வார்த்தை. அதைச் சொல்ல ஐந்து தடவை பஸ் ஏறி இறங்கியதில் என் இடது முழங்கால் தேய்ந்து, அந்தக் கால் அரை அங்குலம் குட்டையாகிவிட்டது. நம்பாதவர்கள் என் வேட்டியைப் பார்க்கலாம். இன்றைக்கும் ஒரு பக்கம் தரையைக் கூட்டும்.

எண்பத்தொன்றாம் வருஷம். எனக்கு அறுபத்தெட்டு வயது. மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கேமரா ரிப்பேர் கடை வைத்திருந்தேன். முத்திருளன் கதை விடுகிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அநியாயமான பேச்சு. ஒரு பெட்டிக் கேமராவுக்குள் எறும்புகள் குடியிருந்தன, படம் எடுக்கும்போதெல்லாம் அவைதான் உள்கதவைத் திறந்து மூடின, நான் தெரியாமல் எறும்புகளைத் தட்டிவிட்டதும் கேமரா நின்றுபோனது, பிறகு சீனி வைத்து அவற்றைத் திரும்பக் கூப்பிட்டேன் என்று ஒருமுறை சொன்னேன். இதில் என்ன கதை? சீனியின் அளவு வேண்டுமானால் கொஞ்சம் கூடக் குறைய இருந்திருக்கலாம்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு, கடைப் படியில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். நிற்கக்கூட முடியாத அலுப்பு முகத்தில் இருந்தது.

“கேமராக்கார அண்ணன் நீங்கதானா?”

“ரிப்பேர்க்காரன். சொல்லுத்தா.”

“எம் பேரு இருளாயி. திருவாதவூருக்கு அங்கிட்டு செம்மடைப்பட்டி. எங்க வீட்டுக்காரரப் போலீசு பிடிச்சுட்டுப் போயிப் பத்து நாளாச்சுண்ணே. துப்பாக்கி வச்சிருந்தாராம்.”

“வச்சிருந்தாரா?”

“கட்டைதாண்ணே வச்சிருந்தாரு. படம் பிடிக்கிற கட்டை. துப்பாக்கி மாதிரி இருக்கும், ஆனா சுடாது. நானுங் கேமராக் கடை கேமராக் கடையா ஏறி இறங்குறேன். அப்படி ஒரு கட்டையே கிடையாதுங்கிறாக. ஒருத்தரு மட்டும், ‘சிம்மக்கல்லுல ஒரு கிழவன் இருக்கான், அவன் எதக் கேட்டாலும் இருக்குன்னு சொல்லுவான்’னாரு.”

என் பெயர் அவ்வளவு தூரம் பரவியிருந்தது.

அவள் சொன்னது இது. அவள் புருஷன் மொக்கையன் அந்த ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் என்று பிரித்துவிடுகிற வேலை. அதற்கு முந்தைய தை மாதம் டவுனிலிருந்து ஒருவர் கண்மாய்க்குப் பறவைகளைப் படம் எடுக்க வந்திருக்கிறார். முழ நீளத்துக்கு ஒரு லென்ஸ். அதன் அடியில் ஒரு மரக்கட்டை. கட்டையைத் தோளில் அண்டக் கொடுத்து, குறிபார்த்து எடுத்தாராம். பஸ் வரும் சத்தம் கேட்டதும் லென்சைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓட்டம். கட்டை மடைச் சுவரிலேயே கிடந்துவிட்டது. மொக்கையன் அதை எடுத்துவைத்தார், வந்தால் கொடுக்கலாம் என்று. வரவில்லை.

மாசியில் கண்மாய் வற்ற ஆரம்பித்தது. வரப்பை வெட்டித் தண்ணீரைத் திருப்புகிறவர்கள் கிளம்பினார்கள். மொக்கையனுக்கு ஒரு யோசனை. கட்டையோடு ஒரு மூங்கில் குழாயைக் கயிறு போட்டுக் கட்டி, அடுப்புக்கரியைப் பூசி, விடியற்காலையில் அதைத் தோளில் சாத்திக்கொண்டு கரைமேல் நடந்தார். யாரையும் மிரட்டவில்லை. நடந்தார், அவ்வளவுதான். அந்த வருஷம் கடைசி வயல் வரை தண்ணீர் போனதாம்.

ஆவணியில் யாரோ செம்மடைப்பட்டி ஸ்டேஷனுக்கு மனு எழுதிப் போட்டார்கள். யாரோ என்றால் காசிமாயன், மொக்கையனுக்குப் பங்காளி. ஏட்டு வந்தார், மூங்கிலை அவிழ்த்து எறிந்தார், கட்டையைக் கட்டியெடுத்தார், மொக்கையனையும் கூட்டிப்போனார்.

“காசிமாயனுக்கு என்ன ஆதாயம்?” என்றேன்.

“நீர்பாய்ச்சி வேலைண்ணே. பெரியாத்துத் தண்ணி எங்க கம்மாய்க்குள்ள வர்ற அன்னிக்கு, பொழுது சாயறதுக்குள்ள மடையில தேங்கா உடைச்சு மடையத் தொடணும். எவன் தொடுறானோ அவன்தான் நீர்பாய்ச்சி. ஒரு வருசம் கை மாறுச்சுன்னா அதுக்கப்புறம் அவன் வகையறாவுக்குத்தேன். நாலு தலைமுறையா எங்க வீட்டு ஆளுதான் தொடுறாக. எனக்கு ஆம்பளப் புள்ளையும் இல்ல, போயித் தொடச் சொல்ல.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “புரட்டாசி பாதியில தண்ணி வந்துரும்ணே. அதுக்குள்ள இவரு வெளிய வரணும்.”

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் அப்படி ஒரு கட்டையே கிடையாது என்று ஊரில் இத்தனை கேமராக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் எறும்பைப் பற்றிச் சொன்னால் சிரிக்கிற அதே ஆட்கள்.

முதல் தடவை போன அன்று, மொக்கையனுக்கு வாதாடிய சீதாராமன் வக்கீல் என்னைக் கோர்ட்டு வேப்பமரத்தடியில் ஓரமாகக் கூட்டிப்போனார். அவருக்குச் செம்மடைப்பட்டியில் மூன்று ஏக்கர் உண்டு. மொக்கையன் பாய்ச்சிய தண்ணீரில்தான் விளைகிறது.

“பெரியவரே, ஒரே ஒரு வேண்டுகோள். உள்ளே போய்க் கதை மட்டும் விடாதீங்கோ.”

“நான் எப்பங்க கதை விட்டேன்?”

“என் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவனோட நீங்களும் வந்திருந்தேள். பிளாஷ் வெளிச்சத்திலே நாதஸ்வரக்காரரோட நிழல் சுவத்துலே ஒட்டிண்டுடுத்து, மறுநாள் சுரண்டி எடுத்தோம்னு என் மாமனார்கிட்ட சொன்னேள். அவர் போய்ச் சுவத்தைத் தடவிப் பார்த்தார்.”

கோர்ட்டுக்குள் மொக்கையன் கூண்டில் நின்றார். ஒல்லியான ஆள், ஐம்பது வயது இருக்கும். பாதம் இரண்டும் அகன்று, சேற்றிலேயே நின்று நின்று விரல்கள் விரிந்துபோயிருந்தன. என்னையோ வக்கீலையோ அவர் பார்க்கவில்லை. சன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைமேல் காடாத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, சீட்டு ஒட்டியிருந்தது: ‘நாட்டுத் துப்பாக்கியின் அடிக்கட்டை, ஒன்று.’ அவிழ்த்தார்கள். வாதுமை மரத்தில் செய்து மெருகு போட்ட நல்ல சாமான். அந்தத் தினுசை நான் அதற்கு முன் இரண்டு தடவைதான் கையில் தொட்டிருக்கிறேன்.

மாஜிஸ்ட்ரேட்டு நடுவயதுக்காரர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “சொல்லுங்கள்” என்றார்.

“ஐயா, தூரத்துல இருக்கிறதப் படம் எடுக்கிற லென்சு கனமா இருக்கும். கை நடுங்குனா படம் கலங்கிரும். அதுக்காகத் தோள்ல அண்டக் குடுக்க ஒரு கட்டை. இதுல மூணு தினுசு. ரஷ்யாக்காரன் செஞ்சது முழுக்க இரும்புத் தகடு. விசைய அமுக்குனா ஒரு ஊசி மேல எழும்பி கேமராவோட அடிவயித்துல குத்தும். அவனோட கேமராவத் தவிர வேற எதுலயும் மாட்டாது. ரெண்டாவது, அலுமினியத்துல மடக்குற மாதிரி, தோள் படுற எடத்துல ரப்பர். அது பின்னால வந்தது. மூணாவது இது. ஜெர்மனிக்காரன் மரத்துல செஞ்சது. இதுலயே முந்தி வந்தது, பிந்தி வந்ததுன்னு இருக்கு. முந்தி வந்ததுல மேல இருக்கிற பித்தளைத் தகட்டுக்கு ரெண்டு திருகாணி. பிந்தி வந்ததுல மூணு. இதுல ரெண்டு. முந்தின தினுசு.”

அரசாங்க வக்கீல் எழுந்தார். “அடிக்கட்டை இருக்கிறது. விசையும் இருக்கிறது. இதைத் துப்பாக்கி இல்லை என்கிறீர்களா?”

“சைக்கிள்லயும் மணி இருக்குதுங்க. அதுக்காகக் கோயில்னு கும்பிடுறமா?”

சீதாராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கட்டையைக் கவிழ்த்துக் காட்டினேன். “விசைக்குப் பின்னால ஒரு துளை ஓடுது பாருங்கய்யா, பென்சில் நுழையிற அளவு. இதுக்குள்ள ஒரு கம்பிக் கயிறு போயி கேமராவ அமுக்கும். மருந்து கெட்டிக்க எடமே கிடையாது. இன்னொண்ணு. வலது பக்கம் மெருகு தேஞ்சிருக்கு, கன்னம் உரசி உரசி. வலது தோள்ல வைக்கிறவனுக்கு எடது பக்கந்தான் தேயும். இதோட சொந்தக்காரரு எடது தோள்ல வைக்கிறவரு. இந்த மொக்கையன் மம்பட்டி போடுறது வலது தோள்ல. காப்புக் காச்சிருக்கும், தொட்டுப் பாக்கச் சொல்லுங்க.”

மாஜிஸ்ட்ரேட்டு ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது கீழே உட்கார்ந்திருந்த குமாஸ்தா எழுந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அந்தக் குமாஸ்தாவின் கேமராவை நான் ரிப்பேர் செய்திருக்கிறேன். செய்கிறபோது பேச்சுக் கொடுத்தும் இருக்கிறேன்.

“பெரியவரே, ஒரு முனையில் மழையும் மறு முனையில் வெயிலும் அடித்த லென்ஸ் உங்களுடையதுதானா?”

கோர்ட்டே சிரித்தது. போலீஸ்காரர்கள் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார்கள். மொக்கையன் மட்டும் சிரிக்கவில்லை. மழை என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தார்.

“அது வேற லென்சுங்கய்யா” என்றேன்.

“இருக்கட்டும். நீங்கள் சொன்னதற்கு நீங்கள் சொன்னீர்கள் என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. இதில் பொருந்துகிற லென்சைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டுங்கள். கைப்பற்றிய ஏட்டையும் விசாரிக்க வேண்டும். அவர் ஏன் வரவில்லை?”

“மதுரையில் பந்தோபஸ்து, ஐயா” என்றார் அரசாங்க வக்கீல்.

வாய்தா. அடுத்த வாரம்.

வெளியே வரும்போது மொக்கையனை நடத்திப்போனார்கள். பக்கத்தில் வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அண்ணே, தண்ணி எங்க வந்திருக்கு?”

“இன்னும் தெறக்கலப்பா” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

மதுரையில் அவ்வளவு நீள லென்ஸ் வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். மூன்றும் என் கைக்கு வந்து போனவை. ஒருவர் பத்திரிகைக்குப் படம் அனுப்புகிறவர். அவரிடம் இருந்தது ரஷ்ய லென்ஸ். இன்னொருவர் ஸ்டூடியோக்காரர். அவர் லென்சுக்கு அலுமினியக் கட்டை, அது பூட்டிய அலமாரியில் பத்திரமாக இருந்தது. மூன்றாமவர் கே.கே. நகரில் வெங்கட்ரமணன், ஒரு பாங்கியில் அதிகாரி. அவருடையது ஜெர்மன் லென்ஸ்.

கே.கே. நகருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் மனைவி ஜானு கதவைத் திறந்தாள். “வாங்கோ மாமா. காபி சாப்பிடறேளா?” என்றாள். வெங்கட்ரமணன் டம்ளரை இடது கையால் எடுத்தார். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். டம்ளரை வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

“தோள்கட்டையா? என்கிட்ட அதெல்லாம் கிடையாதே. லென்ஸ் மட்டுந்தான் இருக்கு.”

“லென்சக் காட்டுங்க.”

கொண்டுவந்தார். லென்சின் அடியில் ஒரு பாதம், பாதத்தில் ஒரு துளை. பழைய ஜெர்மன் சாமானில் அந்தத் துளையின் மரை பெரியது. இப்போதைய முக்காலிகளின் திருகாணி சின்னது. அதனால் துளைக்குள் ஒரு பித்தளை வளையத்தைத் திருகி வைப்பார்கள், ‘புஷ்’ என்போம். வளையத்தின் முகத்தில் ஒரு கீறல் இருக்கும், காசை வைத்துத் திருகிக் கழற்ற. முக்காலி மட்டும் வைத்திருக்கிறவன் அந்த வளையத்தை ஆயுசுக்கும் கழற்றமாட்டான். இவருடைய வளையத்தில் கீறல் அகன்று, பித்தளை பளபளவென்று தேய்ந்திருந்தது. பலமுறை கழற்றி மாட்டிய கை. மரத் தோள்கட்டையின் திருகாணி பெரிய மரை. அதை மாட்டவேண்டும் என்றால் வளையத்தைக் கழற்றியே ஆகவேண்டும்.

நான் அந்தக் கீறலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தேன். ஜானு உள்ளே போனதும் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“முத்திருளன், தை மாசம் எனக்கு மஞ்சக்காமாலை.”

“அப்படியா? பாத்தா தெரியலையே.”

“பாங்கிலே மூணு வாரம் மெடிக்கல் லீவ் எழுதிக் கொடுத்திருக்கேன். டாக்டர் சர்ட்டிபிகேட்டோட. ஜானுகிட்ட ஆடிட்டுக்குப் போறேன்னு சொல்லியிருந்தேன். கோர்ட்டுக்கு வந்து தை மாசம் கண்மாய்க்கரையிலே இருந்தேன்னு சொன்னா, எனக்கு வேலையும் இருக்காது, வீடும் இருக்காது.”

“பறவைங்க படத்துல நல்லா விழுந்துச்சா?”

அவர் முகம் மாறியது. “ஒரு நாரைக் கூட்டம், ஓய். எண்ணவே முடியலை.” பிறகு தலையைக் குனிந்துகொண்டார். “அந்த மனுஷன் எனக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். நான் அவர் பேரைக்கூடக் கேக்கலை.”

அவரை நான் வற்புறுத்தவில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது. லென்சை என் கடைக்கு ரிப்பேருக்குக் கொடுத்ததாக ஒரு சீட்டு எழுதித் தரச்சொன்னேன். ‘அடிப்பாகத்தைச் சரிபார்க்க’ என்று எழுதினார். உண்மையும் அதுதான். துண்டில் சுற்றி, கூடையில் கத்திரிக்காய்களுக்கு அடியில் வைத்துக் கொடுத்தார். கத்திரிக்காய் எதற்கு என்று ஜானு கேட்டாள். மாமா வீட்டில் கொல்லை கிடையாது என்றார்.

இரண்டாம் தடவை போனேன். ஏட்டு வரவில்லை, பந்தோபஸ்து. காலை பத்திலிருந்து நாலு மணி வரை லென்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லென்சின் கனத்தில் தொடை மரத்துப்போனது. மொக்கையன் கேட்டார். “பேரணையில தண்ணி தெறந்தாச்சு” என்றாள் இருளாயி.

மூன்றாம் தடவை. மாஜிஸ்ட்ரேட்டு விடுமுறை. அதைச் சொல்லவே மூன்று மணி ஆனது. திரும்பும்போது பஸ்ஸில் இடம் இல்லை. யானைமலை வரை ஒற்றைக்காலில் நின்றேன். எந்தக் கால் என்று கேட்டால் இந்தக் குட்டைக் கால்தான்.

நாலாம் தடவை. ஏட்டு, பந்தோபஸ்து. “எந்த மந்திரி வந்தாருன்னு இத்தனை நாள் பந்தோபஸ்து?” என்று சீதாராமன் முணுமுணுத்தார். கட்டை ஆயுதமா என்று மெட்ராசுக்கு எழுதிக் கேட்ட ரிப்போர்ட்டும் வரவில்லை என்றார்கள். மொக்கையன் கேட்டார்.

“தண்ணி கள்ளந்திரி தாண்டிருச்சு” என்றாள் இருளாயி. பிறகு என்னிடம், “அடுத்த வாய்தா புதன்கெழமைண்ணே. புதன்கெழமை மத்தியானம் கம்மாய்க்குள்ள தண்ணி விழுந்துரும். காசிமாயன் தேங்கா வாங்கி வச்சுட்டானாம்” என்றாள். அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

புதன்கிழமை ஐந்தாம் தடவை போனேன். வழக்கு பன்னிரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள்.

“ஏட்டு மலைச்சாமி?” என்றார் மாஜிஸ்ட்ரேட்டு.

“மதுரையில் பந்தோபஸ்து, ஐயா. எழுத்து மூலமாகவே தெரிவித்திருக்கிறார்கள். வாய்தா வேண்டும்.”

சீதாராமன் எழுந்து, லென்சையாவது மாட்டிக் காட்ட அனுமதி வேண்டும் என்று கெஞ்சினார். மாஜிஸ்ட்ரேட்டு கடியாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இருந்த கோலம் அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். “சரி” என்றார்.

துண்டை அவிழ்த்து லென்சை எடுத்தேன். கட்டையின் திருகாணியைப் பாதத்தில் வைத்துத் திருகினேன். உள்ளே போகவில்லை. மறுபடி திருகினேன். போகவில்லை.

“பொருந்தவில்லை, ஐயா” என்றார் அரசாங்க வக்கீல், மிகவும் மரியாதையாக.

நாலு வாய்தா அலைந்ததில் அந்த வளையத்தை முன்கூட்டியே கழற்றி வைக்கவேண்டும் என்பதை மறந்துவிட்டேன். எத்தனை கேமராவைப் பார்த்தவன் நான்! “ஒரு காசு இருந்தாக் குடுங்க” என்றேன். கோர்ட்டில் ஒருவரும் அசையவில்லை. லஞ்சம் கேட்கிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ. இருளாயிதான் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலணாவை என் கையில் வைத்தாள்.

காசைக் கீறலில் வைத்துத் திருகினேன். வளையம் கழன்று மேசைமேல் உருண்டது. கட்டையின் திருகாணி இப்போது வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல் போனது. கடைசிச் சுற்றில் ‘டொக்’ என்று நின்றது. பித்தளைத் தகட்டின் வளைவு லென்சின் வயிற்றோடு நூல்கூட இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. கூடவே கொண்டுவந்திருந்த என் கேமராவைப் பின்னால் மாட்டி, கம்பிக் கயிற்றைத் துளைக்குள் விட்டேன். விசையை அழுத்தினேன். கேமரா ‘களுக்’ என்றது.

“இம்புட்டுத்தான் ஐயா இதோட வெடி.”

மாஜிஸ்ட்ரேட்டு கையை நீட்டினார். வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு, எந்த மனுஷனும் அதைக் கையில் வாங்கினால் செய்கிறதையே அவரும் செய்தார். தோளில் வைத்துக் குறிபார்த்தார். அரசாங்க வக்கீல் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தார். பேனா அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

“ஒன்றும் தெரியவில்லையே, பெரியவரே. எல்லாம் கலங்கல்.”

“இந்தச் சுவரெல்லாம் அதுக்கு ரொம்பப் பக்கம்யா. சன்னலுக்கு வெளியே பாருங்க. முன்னால இருக்கிற வளையத்தத் திருப்புங்க, மெதுவா.”

அவர் சன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வேப்பமரம், அதைத் தாண்டி மதில், அதையும் தாண்டி ரோட்டின் எதிர்ப்புறம் டீக்கடைகள். வளையத்தைத் திருப்பினார். நிறுத்தினார். வெகுநேரம் பார்த்தார்.

“அரசாங்க வக்கீல் அவர்களே” என்றார், கண்ணை எடுக்காமல். “ஏட்டு மலைச்சாமி இன்று எங்கே?”

“மதுரையில், ஐயா. பந்தோபஸ்தில்.”

“அவருக்கு மீசை உண்டா?”

“உண்டு, ஐயா.”

“நரைத்து, நுனியில் மட்டும் கறுப்பாக?”

“…ஆமாம், ஐயா.”

“வடையைச் சட்னியில் முக்காமல், டீயில் முக்கித் தின்கிற பழக்கம் உண்டா?”

அரசாங்க வக்கீலுக்கு அது தெரியவில்லை. கதவோரம் நின்ற ஒரு போலீஸ்காரர்தான் தன்னையறியாமல், “உண்டுங்கய்யா” என்றார்.

மாஜிஸ்ட்ரேட்டு லென்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல மேசைமேல் வைத்தார். டவாலியைக் கூப்பிட்டு, எதிர்த்த வரிசையில் மூன்றாவது டீக்கடைக்குப் போய், மூன்றாவது வடையைக் கையில் வைத்திருப்பவரை அழைத்துவரும்படி சொன்னார்.

ஏட்டு வந்தார். கையில் எண்ணெய். வாய்தா வாங்கியாயிற்றா என்று தெரிந்துகொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பலாம் என்று ஒவ்வொரு தடவையும் அந்தக் கடையில்தான் அவர் காத்திருந்தாராம். அது பின்னால் தெரிந்தது.

“இப்பத்தான் பந்தோபஸ்து முடிஞ்சு பஸ்ஸ விட்டு எறங்குனேங்கய்யா.”

“இருக்கட்டும். இந்தக் கட்டையை நீங்கள் எடுத்தபோது குழல் இருந்ததா?”

ஏட்டு மொக்கையனைப் பார்த்தார். மேசையிலிருந்த லென்சைப் பார்த்தார். அது அவர் பக்கம் திரும்பியிருந்தது.

“மூங்கிலுதாங்கய்யா இருந்துச்சு. அதக் கம்மாய்லயே எறிஞ்சுட்டேன்.”

“மூங்கில் என்று ஏன் எழுதவில்லை?”

“எழுதுனா கேசு நிக்காதுங்கய்யா.”

இவ்வளவு நேரான பதிலை அந்தக் கோர்ட்டில் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். மாஜிஸ்ட்ரேட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லென்ஸ் யாருடையது என்று கேட்டார். ரிப்பேருக்கு வந்த சாமான் என்று சீட்டைக் காட்டினேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மொக்கையனைச் சொந்தப் பொறுப்பில் உடனே விடவேண்டும், ஏட்டு தனியாக விளக்கம் எழுதவேண்டும், கட்டை மட்டும் மெட்ராஸ் ரிப்போர்ட் வரும் வரை கோர்ட்டின் வசம் இருக்கட்டும் என்று எழுதினார்.

உத்தரவு டைப் ஆகி, முத்திரை விழுந்து, சப்ஜெயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மணி நாலரை. திருவாதவூர் பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினோம். நான் போயிருக்க வேண்டியதில்லை. மதுரை பஸ்ஸுக்கு நிற்கிற தெம்பு இல்லாததால், முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். மொக்கையன் வழியெல்லாம் சன்னல் கம்பியைப் பிடித்தபடி வாய்க்கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வாய்க்காலில் செந்தண்ணீர் ஓடியது. “வந்துருச்சு” என்றார், யாரிடமும் இல்லாமல்.

செம்மடைப்பட்டி விலக்கில் இறங்கியதும் புருஷனும் பெண்டாட்டியும் ஓடினார்கள். நான் லென்ஸ் கூடையோடு பின்னால் நடந்தேன். கரைமேல் ஊரே நின்றது. சூரியன் பனைமரத்தின் இடுப்புக்கு இறங்கியிருந்தது. மடைக்குப் பக்கத்தில் காசிமாயன் குளித்துத் திருநீறு பூசி, மஞ்சள் தடவிய தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரும் மத்தியானத்திலிருந்து நின்றிருக்கிறார். பொழுது சாயப்போகிற நேரம் வரைக்கும் மொக்கையனுக்காகப் பொறுக்கலாம் என்று பெரியவர்கள் பிடித்து வைத்திருந்தார்களாம்.

மொக்கையன் அவர் எதிரில் போய் நின்று கையை நீட்டினார்.

“தேங்கா நான் வாங்குனது” என்றார் காசிமாயன்.

“ஒடைச்சதும் ஒரு மூடி நீ எடுத்துக்க” என்றார் மொக்கையன்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். காசிமாயன் தேங்காயைக் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய், மூடிக்காகத் திரும்பி வந்தார்.

தேங்காய் உடைந்தது. மொக்கையன் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் மடைக் கல்லில் வைத்தார். எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருளாயி பக்கத்தில் நின்று, முந்தானையின் வெறும் முடிச்சைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நாலணா கோர்ட்டு மேசையிலேயே கிடந்துவிட்டது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நானும் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மடைச் சுவரின் அந்த இடத்தில்தான் கட்டை கிடந்திருக்க வேண்டும். தண்ணீர் கண்மாய்க்குள் அவசரமில்லாமல் பரவிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் வெகுநேரம் அதையே பார்த்தோம்.

“அண்ணே” என்றார் மொக்கையன். “அந்தக் கட்டைய எப்பத் தருவாக?”

“மெட்ராசுல இருந்து ரிப்போர்ட்டு வரணும்.”

“மாசியில தண்ணி கொறைஞ்சுரும். அதுக்குள்ள வந்துருமா?”

அது வெங்கட்ரமணனுடைய கட்டை, வந்தாலும் இவருக்குக் கிடைக்காது என்று சொல்லியிருக்கலாம். மெட்ராசிலிருந்து ஒரு ரிப்போர்ட்டு ஆறு மாதத்தில் வந்ததாகச் சரித்திரமே இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். அவர் கால்களைப் பார்த்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அவை ஈரத்தில் இருந்தன.

“வந்துரும்” என்றேன்.

இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.